கதவு வேடம்

வியாழக்கிழமை, நாலரை மணி.
துங்காபி சாரணர் மண்டபத்து வாசலில்
இருபத்தேழு சப்பாத்துகள்.
ஒன்று போன வாரத்தது.

உள்ளே பதின்மூன்று பிள்ளைகள்
தேனுக்குள் நடக்கிறார்கள்.
இன்னும் பிசுக்கு, இன்னும் பிசுக்கு என்கிறார் பெர்னடெட் ரீச்சர்.
சரி, இப்போது பனிக்கட்டி.
யாரோ ஒருவன் வழுக்கி விழாமலே அழுகிறான்.

நான் வெளியே, காருக்குள்,
பண்டகசாலை இரவு வேலைக்கு முந்திய அரைத்தூக்கத்தில்.
பக்கக் கண்ணாடியில் ஒரு மேக்பை
தன் சாயலைக் கொத்திக் கொத்திச் சண்டை பிடிக்கிறது.
அதற்கும் யாரோ வேடம் கொடுத்திருக்க வேண்டும்.

பாத்திரம் பிரித்த நாளில்
ஹேமிஷுக்கு அரசன் கிடைத்தது.
தாலியாவுக்கு டிராகன், அவளே கேட்டு வாங்கியது.
மின் என்கிற பொடியனுக்கு இரண்டு:
மந்திரி, மந்திரியின் குதிரை.
என் மகள் இயலினிக்குக் கதவு.

கதவா?
தவணைக்கு இருநூற்றுப் பத்து டொலர்
கதவுக்கா?
ரீச்சரிடம் கேட்கவில்லை.
ஸ்டியரிங்கிடம் கேட்டேன்.

பின்சீட்டில் பட்டியைப் பூட்டியபடி அவள் சொன்னாள்:
"கதவு இல்லாட்டி ஒருத்தரும் உள்ளுக்கு வரேலாது அப்பா."

அன்றிரவே ஆராய்ச்சி.
குளிர்பெட்டிக் கதவு: முதலில் ஒரு முத்தம், பிறகு வெளிச்சம்.
கார்க் கதவு கோபக்காரர்.
அம்மா வேலை செய்யும் ஆஸ்பத்திரிக் கதவு
ஆள் வரமுன்னமே விலகிவிடும்,
அதற்கு ரோசமே இல்லையாம்.
கடைசியில் மனதுக்குப் பிடித்தது
மூன்று வருஷமாய் முனகும் எங்கள் குளியலறைக் கதவு.
எண்ணெய்ப் போத்தலோடு நான் போனபோது
இரண்டு கையும் விரித்து மறித்தாள்.
"விடாதேங்கோ! நான் அதைப் பார்த்துத்தான் பழகிறன்."

ஐந்து வாரம்.
விடிய ஐந்தரைக்கு வேலையால் வந்து
முகம் கழுவப் போனால்
கதவு கிறீச்சிடும்.
அடுத்த அறையில், போர்வைக்குள்ளிருந்து
இன்னொரு கிறீச்,
அரைச்சுருதி மேலே.

மேடை நாள்.
பிளாஸ்டிக் கதிரைகள். வெளியே சொசேஜ் வாட்டும் புகை.
தொலைக்காட்சி வந்த பெட்டி அட்டையில் அவள் நின்றாள்,
நெஞ்சில் பொன்வர்ணம் பூசிய தயிர் மூடி,
அதுதான் கைபிடி.

மூன்று தரம் 'தயவுசெய்து' சொன்னால் கதவு திறக்கும்.
கதை அவ்வளவுதான்.
அரசன் வந்தான்.
ஒரு தரம் சொன்னான்.
இரண்டாம் தரமும் சொன்னான்.
மூன்றாவதும் அதே சொல்தான்.
அதுதான் மறந்துபோனது.

கிரீடம் சரிந்து மூக்கில் நின்றது.
ஓரத்தில் ரீச்சரின் உதடுகள் அசைந்தன.
மந்திரியின் குதிரை காலை மாற்றிக்கொண்டது.
நான் என் கதிரையிலிருந்தே தள்ளிக்கொண்டிருந்தேன்:
திற பிள்ளை, திறந்து விடு, போகட்டும்.

அவள் திறக்கவில்லை.
மூன்றென்றால் மூன்று.

பிறகு
அரை அங்குலம்.
ஒரு கிறீச்.
எங்கள் குளியலறை, அச்சு அசல்.
சபை சிரித்தது.
அந்தச் சிரிப்புக்குக் கீழால்
இடுக்கு வழியாக ஏதோ போனது.
எனக்குக் கேட்கவில்லை.
ஹேமிஷுக்குக் கேட்டது.
கூரைத் தகரம் அதிர அவன் கத்தினான்.

கதவு முழுதாய்த் திறந்தது.
அரசன் போனான், மந்திரி போனான்,
எல்லாரும் போன பின்னும்
டிராகனின் நீள வால் உள்ளே வரும்வரை
திறந்தே நின்றது.

"என்ன சொன்னனி அவனுக்கு?"
வீதி விளக்குகள் அவள் முகத்தில் வந்து வந்து போயின.
"கதவுக்கு வாய் இல்லை அப்பா."

வீட்டுக்கு வந்ததும்
இனி எண்ணெய் விடலாம் என்று உத்தரவு.
முழங்காலில் இருந்து மூன்று பிணைச்சலுக்கும் விட்டேன்.
சத்தமில்லை. இரண்டு தரம் திறந்து பார்த்தேன்.

கையோடு கையாக
சமையலறைக் குழாயையும் பார்ப்போம்,
மாசக்கணக்காய்ச் சொட்டுகிறது என்று
குறட்டை எடுத்தேன்.

"அதைத் தொடாதேங்கோ.
அடுத்த தவணை நான் மழை."